டயாலிசிஸ், ஹெப்பாரின், கொழுப்பு: பழி யார்மேல்?

வணக்கம். உங்கள் வீட்டில் டயாலிசிஸுக்குப் போய்வருபவர் இருக்கிறாரா? அப்படியென்றால் நான் பேசுவது உங்களோடுதான். மொரீஷியஸில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தால் போதும், "பருப்பு வைத்த டோல் பூரி வாங்கிச் சாப்பிட்டீங்களா அம்மா, கோயில்ல ஏழு கறி ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டீங்களா" என்று வீட்டில் திட்டு ஆரம்பித்துவிடும். எனக்கு மனசு பொறுக்காது. சாப்பாட்டுக்குப் பங்கு உண்டுதான், ஆனால் முழுப்பழியும் அதன்மேல் இல்லை.

வாரம் மூன்று தடவை, தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய் வடிகட்டியைச் சுற்றி வருகிறது. குழாயையும் வடிகட்டியையும் தொட்டதுமே ரத்தம் உறையப் பார்க்கும், அதைத் தடுக்கும் மருந்துதான் ஹெப்பாரின். பல இடங்களில் ஆரம்பத்தில் ஒரு அளவு போட்டுவிட்டு, மிச்சத்தை மிஷின் பக்கத்தில் மாட்டிய சிரிஞ்சு மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

இனிதான் விஷயம். ட்ரைகிளிசரைடை உடைக்கும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், ஹெப்பாரின் அதைக் கழற்றி ரத்தத்தில் விட்டுவிடுகிறது. உடனே கொழுப்பு மளமளவென்று உடையும், ட்ரைகிளிசரைடு இறங்கும். ஆனால் கழன்ற நொதியைக் கல்லீரல் எடுத்து அழித்துவிடுவதால் சுவரில் இருந்த கையிருப்பு குறைந்து, அப்புறம் சில மணி நேரம் வேலை மந்தமாகிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்த நொதி ஏற்கெனவே சுணக்கம்தான். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் கொழுப்பு ஏற இதுவும் ஒரு காரணமாகலாம் என்ற கருத்து மருத்துவர்களிடையே உண்டு.

எனாக்ஸாபரின் போன்ற குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் (சின்னத் துண்டுகளாக்கிய ஹெப்பாரின் வகை) போட்டால் ரத்தத்தில் தென்படும் நொதி குறைவாக இருக்கும், ஆனால் சுவரில் உள்ள கையிருப்பு குறைவாகத்தான் கழல்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு மாறியதும் கொழுப்பு இறங்கியது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய வித்தியாசமில்லை என்று வேறு சில சொல்கின்றன. அதனால் கொழுப்புக்காக மட்டும் மருந்தை மாற்றச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பயந்துபோய் ஹெப்பாரினே வேண்டாம் என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள், வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதில் நிற்கும் ரத்தம் உங்களுக்குத் திரும்பாமலே போகலாம்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் எப்போது எடுத்தீர்கள்? ஹெப்பாரின் ஏறுவதற்கு முன்னால், டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுத்திருக்க வேண்டும். நடுவிலோ முடிவிலோ எடுத்தால் ட்ரைகிளிசரைடு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும், அடுத்த மாதம் சரியான நேரத்தில் எடுத்ததும் ஏறிவிட்டது போலத் தெரியும். திட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு பரிசோதனைச் சீட்டையும் நர்ஸிடம் காட்டி நேரத்தைக் கேட்டுப் பாருங்கள்.