ஸ்ஃபாஸோ: கழுத்தறுத்தலைக் குறிக்கும் ஒரு கிரேக்க வினைச்சொல்

(திரையில்: வெளிப்படுத்தின விசேஷம் 5:6)

"அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி" என்று இயேசுவைச் சொல்லும் தொடரைத் தமிழ்ச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கும்போது, தடியால் அடிபட்ட ஓர் ஆடு சிலருடைய மனக்கண்ணில் தோன்றக்கூடும். ஆனால் விருந்துக்கு "ஆடு அடித்தார்கள்" என்று ஊரில் சொன்னால், ஆட்டை அறுத்தார்கள் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். வசனத்தில் உள்ள "அடி"யும் அதுவே. அதற்குப் பின்னால் நிற்கும் கிரேக்கச் சொல் ஸ்ஃபாஸோ.

கொல்வதைக் குறிக்கப் புதிய ஏற்பாட்டில் பல வினைச்சொற்கள் உண்டு. பொதுவாகக் கொல்வதற்கு அப்போக்டெய்னோ 70 தடவைக்கு மேல் வருகிறது. "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையில் ஃபொனெயுவோ வருகிறது. ஸ்ஃபாஸோ வருவதோ 10 தடவை மட்டுமே: யோவானின் முதலாம் நிருபத்தில் 2, வெளிப்படுத்தின விசேஷத்தில் 8. மற்றச் சொற்கள் உயிர் போனதைச் சொல்லும். இது போன விதத்தையும் சொல்லும். கத்தி, கழுத்து, பெருகும் இரத்தம் ஆகிய மூன்றும் இச்சொல்லுக்குள் இருக்கின்றன. இதன் பெயர்ச்சொல்லான ஸ்ஃபகே "வெட்டு" என்பதோடு, கத்தி பாயும் தொண்டைப் பகுதியையும் பழைய கிரேக்கத்தில் குறித்தது.

சொல் மிகப் பழையது. ஹோமரின் இலியட் முதல் காண்டத்தில், கிரேக்கர்கள் அப்போலோவுக்குப் பலியிடும்போது, விலங்குகளின் தலையைப் பின்னுக்கு இழுத்து, கழுத்தை அறுத்து, தோலை உரிக்கிறார்கள். அந்த "அறுத்து" என்ற இடத்தில் நிற்பது இவ்வினையே. பிற்கால ஏதென்ஸ் வழக்கில் இது ஸ்ஃபாட்டோ என்று ஒலித்தது. இன்றைய கிரேக்கத்திலும் ஆடு மாடு அறுப்பதற்கு இதே சொல் வழங்குகிறது.

எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர், ஷாகாத் என்ற எபிரெயச் சொல்லுக்கு ஈடாகப் பெரும்பாலும் இதை வைத்தார்கள். ஆபிரகாம் ஈசாக்கை வெட்டும்படி கத்தியை எடுத்த இடத்தில் இச்சொல் வருகிறது. ஆனால் கீசோன் ஆற்றங்கரையில் எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளை வெட்டிப்போட்டபோதும், யூதாவின் அரசனான சிதேக்கியாவின் குமாரர்களை அவன் கண்களுக்கு முன்பாக பாபிலோனியர் வெட்டியபோதும் இதே சொல்தான். ஆகவே ஸ்ஃபாஸோவைக் கண்ட இடமெல்லாம் "பலி" என்று பொருள் கொள்வது தவறு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். சொல் தருவது கழுத்தறுப்பை மட்டுமே. அது பலியா படுகொலையா என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது.

தன் தம்பி ஆபேலைக் கொன்ற காயீனைப் பாருங்கள். ஆதியாகமம் 4:8இல் எழுபதின்மர் பொதுச்சொல்லான அப்போக்டெய்னோவையே வைத்திருக்க, அதே நிகழ்ச்சியை நினைவூட்டும் 1 யோவான் 3:12 அதை விட்டுவிட்டு ஸ்ஃபாஸோவை இருமுறை எழுதுகிறது. மந்தையின் தலையீற்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்த ஆபேலே மந்தையின் ஆட்டைப்போல அறுபடுகிறான். தமிழில் அங்கே "கொலைசெய்த" என்று மட்டும் இருப்பதால் அந்தக் கொடூரம் நம் காதுக்கு எட்டுவதில்லை.

(திரையில்: 5:6, 13:3 அருகருகே)

வெளிப்படுத்தின விசேஷத்தில் இழப்பு இன்னும் பெரிது. ஆட்டுக்குட்டியைச் சொல்லும் "அறுக்கப்பட்டதைப் போல" என்ற அதே கிரேக்கத் தொடர், 13ஆம் அதிகாரத்தில் கடவுளை எதிர்க்கும் மிருகத்தின் தலைகளில் ஒன்றுக்கும் வருகிறது. மிருகம் ஆட்டுக்குட்டியைப் போலி செய்கிறது என்பதை மூல வாசகர் சொல்லைக் கொண்டே உணர்ந்திருக்க முடியும். நம் மொழிபெயர்ப்பிலோ முன்னது "அடிக்கப்பட்ட" என்றும் பின்னது "காயப்பட்டிருக்க" என்றும் பிரிந்துவிட்டன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆட்டுக்குட்டிக்கு வரும் வினை வடிவம், நடந்து முடிந்த செயலின் விளைவு இன்னும் நிலைத்திருப்பதைக் காட்டுவது. கழுத்தில் அறுத்த வடு மாறவில்லை, ஆனாலும் அது நிற்கிறது.

6:9இல் தங்கள் சாட்சிக்காகக் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே காணப்படுகின்றன. பலியின் இரத்தத்தைப் பீடத்தின் அடியில் ஊற்றச் சொல்லும் லேவியராகம விதியை அறிந்தவர்களுக்கு, அங்கே ஸ்ஃபாஸோ பலியாகவே கேட்கும். அந்தப் பொருளைத் தருவது பீடம். கடைசியாக 18:24இல், பெண்ணாக உருவகிக்கப்படும் பாபிலோன் நகரம் வீழும்போது, தீர்க்கதரிசிகள், பரிசுத்தவான்கள் ஆகியோரின் இரத்தத்தோடு "பூமியில் கொல்லப்பட்ட அனைவருடைய இரத்தமும்" அவளிடத்தில் காணப்பட்டது என்று நூல் சொல்கிறது. அங்கே பீடமும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. பெயர் தெரியாத அந்த அனைவருக்கும் யோவான் எழுதிய வினை, சிங்காசனத்தின் நடுவே நின்ற ஆட்டுக்குட்டிக்கு எழுதிய அதே வினை.