விலக்கிவிட்டு அழைக்கும் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

நடந்து தியானிப்பதற்கென்றே தரையில் அமைக்கப்படும் ஒரு பாதையைப் பற்றி இன்று பேசுகிறேன். லேபிரிந்த் என்று உலகம் அழைக்கும் சுழல்பாதை அது. பெயரைக் கேட்டதும், உயரமான வேலிகளுக்கு நடுவே வழி தெரியாமல் தவிக்க வைக்கும் புதிர்த் தோட்டம் சிலருக்கு நினைவுக்கு வரலாம். அங்கே கிளைவழிகள் உண்டு, முட்டுச்சந்துகள் உண்டு. சுழல்பாதையிலோ கிளை என்பதே கிடையாது. வாயிலில் கால் வைத்தால் வளைந்து வளைந்து நடுவிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பும் வழியும் அதுவே. உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத அபிமன்யுவின் கதி இங்கே யாருக்கும் நேராது.

மிகப் பழைய வடிவம் இது. கிரேக்க நாட்டின் பைலோஸ் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில், ஏறக்குறைய 3200 ஆண்டுகளுக்கு முன், ஒரு கணக்கர் இதைக் கீறி வைத்திருக்கிறார். பலகையின் ஒரு பக்கம் ஆடுகளின் கணக்கு. மறுபக்கம் ஏழு சுற்றுகள் கொண்ட சுழல்பாதை.

அந்த ஏழு சுற்றுகளுக்குள் நடக்கிறவருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளிச்சுற்றை ஒன்று என்றும், நடுவை ஒட்டிய சுற்றை ஏழு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாயிலைத் தாண்டியதும் நாம் நுழைவது மூன்றாம் சுற்றில். நல்ல தொடக்கம்தான் என்று நினைக்கும்போதே பாதை இரண்டாம் சுற்றுக்கும் பிறகு முதல் சுற்றுக்கும் நம்மை வெளியே தள்ளுகிறது. அதன்பின் நான்கு. அங்கிருந்து ஒரே திருப்பத்தில் ஏழு. இப்போது நடுவிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டி ஓர் அடி வைத்தால் போதும். ஆனால் பாதை அங்கே விடுவதில்லை. ஆறு, ஐந்து என்று மறுபடி விலக்கிக்கொண்டுபோய், ஐந்தாம் சுற்றின் முடிவில்தான் நடுவுக்குள் அனுமதிக்கிறது.

சுழல்பாதையின் ஆன்மிகம் முழுவதும் இந்த விலகலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நெருங்கிவிட்டோம் என்று மனம் துள்ளும் இடத்தில் தூரம் கூடுகிறது. எல்லாம் கைநழுவிவிட்டது என்று சோரும் இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறோம். பிரார்த்தனையில் பழகியவர்களுக்கு இது தெரிந்த அனுபவம். உள்ளம் ஒருமைப்பட்ட நாளுக்கு மறுநாளே வறட்சி வருவதுண்டு. வாயால் சொன்னால் வெறும் ஆறுதலாக நின்றுவிடும் ஒரு செய்தியை, இந்தப் பாதை கால்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்கும் வேலை இங்கே இல்லை என்பதால், அன்றாடம் அந்த வேலையிலேயே தேய்ந்துபோகும் மனத்துக்கு முதல் தடவையாக ஓய்வு கிடைக்கிறது. முதல் சில நிமிடங்கள் சலிப்பாகக்கூட இருக்கலாம். அதையும் உடன் அழைத்துக்கொண்டே நடங்கள்.

பிரான்ஸில் சார்த்ர் பேராலயத்தின் தரையில், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த பதினொரு சுற்றுப் பாதை இன்றும் இருக்கிறது. குறுக்களவு 13 மீட்டருக்குச் சற்றே குறைவு. நடக்க வேண்டிய தூரமோ 260 மீட்டருக்கு மேல். அங்கேயும் தொடக்கத்திலேயே நடுவை நெருங்குகிறோம், கடைசிக் கட்டத்தில் வெளி விளிம்பில் நிற்கிறோம். பல நாட்கள் அதன்மேல் நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். ஆண்டின் சில மாதங்களில் வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை எடுத்துவிட்டு நடப்பதற்குத் திறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பாதையில் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பதில்லை. பிரான்ஸிலேயே ஓசேர் என்ற நகரின் பேராலயத்தில் ஈஸ்டர் நாளில் குருமார்கள் கைகோத்து, சுழல்பாதையைச் சுற்றி ஆடிப்பாடி, பந்தை ஒருவருக்கொருவர் வீசிக்கொண்டாடினார்கள். 1538-இல் அது தடைசெய்யப்பட்டது. எனக்கு அந்தத் தடையில் வருத்தம்தான்.

நம் காலத்தில் இந்தப் பழக்கம் மீண்டும் பரவியதற்கு, சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் பணியாற்றிய பெண் குரு லாரன் ஆர்ட்ரஸ் பெரிய காரணம். சார்த்ர் வடிவத்தை 1991-இல் கித்தான் துணியில் வரைந்து, விரித்து, எல்லாரையும் நடக்க அழைத்தார். மதம் கேட்கப்படவில்லை. இன்று மருத்துவமனைத் தோட்டங்களில்கூட இத்தகைய பாதைகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை முடியக் காத்திருப்பவருக்கு, உட்கார்ந்து கைகளைப் பிசைவதைவிட இது எவ்வளவோ மேல்.

நடக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வாயிலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் வேகத்திலேயே நடங்கள். எதிரே திரும்பி வருபவருக்குச் சற்று ஒதுங்கி வழிவிடுங்கள். நடுவில் வேண்டிய மட்டும் உட்காருங்கள். அங்கே அசரீரி கேட்கும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். மனத்தில் படிவது பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் படிகிறது.

நடக்க இயலாதவர்கள் தாளில் வரைந்து விரலால் நடக்கலாம். ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதன் நான்கு பக்க இடைவெளிகளிலும் ஒவ்வொரு செங்கோணம். கோணத்தின் மூலை கூட்டல் குறியின் நடுவை நோக்கி இருக்கட்டும். அவற்றுக்கு வெளியே நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகள். இனி, கூட்டல் குறியின் மேல் முனையை, அதற்கு வலப்பக்கம் அடுத்திருக்கும் கோணத்தின் மேல் முனையோடு சிறு வளைவால் இணையுங்கள். பிறகு இடப்பக்கம் அடுத்துள்ள முனையில் தொடங்கி, முந்தைய வளைவின் மேலாகச் சென்று, வலப்பக்கம் அடுத்துள்ள முனையில் இறங்குங்கள். புள்ளிகளும் முனைகள்தாம். எட்டாவது வளைவு கூட்டல் குறியின் அடிமுனையில் வந்து முடியும். அந்த அடிமுனைக்கு இடப்பக்கம் திறந்திருப்பது வாயில். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்கை விரலால் போய்ப் பாருங்கள். பழகாத விரல் அவசரப்படாது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.