தலைவர் பெயரை எடுத்த பிறகு பிறந்த குழு

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் இசை ரசிகர்களே, வணக்கம்!

புதுவழி ஜாஸ் குழு ஒன்று காலம் தாண்டி நிற்கக் காரணம் தலைவரின் மேதைமையா, குழுவின் கூட்டு வாழ்வா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் கூட்டு வாழ்வின் பக்கம். என் சாட்சி, ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ என்ற அமெரிக்க ஜாஸ் குழு.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "அந்தக் குழுவையும் ராஸ்கோ மிட்செல் என்ற சாக்ஸபோன் கலைஞர் ஒருவர்தானே தொடங்கினார்?" என்று கேட்டார். ஆமாம், அவர்தான் தொடங்கினார். 1966இல் வந்த 'சவுண்ட்' இசைத்தட்டு அவர் பெயரில்தான் வந்தது. அப்புறம் 'ராஸ்கோ மிட்செல் ஆர்ட் என்செம்பிள்' என்றும் வாசித்தார்கள். ஆனால் 1969இல் பாரிஸ் போனதும் என்ன நடந்தது? விளம்பரத்தில் அவர்கள் ஊர்ப் பெயர் ஏறியது, தலைவர் பெயர் இறங்கியது. அதை மிட்செல் மனதார ஏற்றுக்கொண்டார். இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் குழு அன்றைக்குத்தான் பிறந்தது என்பேன்.

இந்த மனசு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? சிகாகோவில் 1965இல் முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் நண்பர்களும் ஏஏசிஎம் என்ற கலைஞர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பின இசைக்கலைஞர்கள் தாங்களே கூடி, தாங்களே கச்சேரி நடத்தி, சொந்தமாக இயற்றியதை வாசிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள் இவர்கள். ட்ரம்பெட் கலைஞர் லெஸ்டர் போவி, பாரிஸ் பயணத்துக்காகத் தன் வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர் பெயரில் ஓடும் குழுவுக்குச் சம்பள ஆள் இப்படிச் செய்வாரா, நடுவர் அவர்களே?

ஜோசப் ஜார்மன் வந்த கதை இன்னும் கனமானது. அவருக்குச் சொந்தமாக ஒரு குழு இருந்தது. அதில் பியானோ வாசித்த கிறிஸ்டோபர் கேடி 1968இல் இறந்தார். பாஸ் வாசித்த சார்லஸ் கிளார்க் 1969இல் இறந்தார். இருவருமே இளைஞர்கள். உடைந்து நின்ற ஜார்மனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டது மிட்செல், போவி, பாஸ் வாசித்த மலாக்கை ஃபேவர்ஸ் கூட்டம். ஜார்மன் சாக்ஸபோனோடு தன் கவிதையையும் நாடகத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார்.

சரி, இசைக்கே வருகிறேன். பாரிஸ் போனபோது குழுவில் டிரம்மர் இல்லை. ஃபிலிப் வில்சன் அதற்கு முன்பே பால் பட்டர்ஃபீல்டின் ப்ளூஸ் குழுவுக்குப் போய்விட்டார். சாதாரணக் குழுவாக இருந்தால் வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தியிருக்கும். இவர்கள் நால்வருமே தாளத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மணி, விசில், சைக்கிள் ஹாரன், கிலுகிலுப்பை, சேகண்டி என்று மேடையில் பரப்பி வைத்தார்கள். 'சின்ன வாத்தியங்கள்' என்று அவற்றைச் சொல்வார்கள். அந்த 1969இல் பதிவான 'பீப்பிள் இன் சாரோ' கேளுங்கள். இசைத்தட்டின் இரண்டு பக்கமும் ஒரே படைப்பு, சுமார் 40 நிமிடம். ஆரம்பத்தில் ஒலியைவிட இடைவெளிதான் அதிகம். ஒருவர் ஒரு சுரத்தை வைக்கிறார், அது அடங்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்கிறார்கள், அப்புறம் எங்கிருந்தோ ஒரு மணி. யாருக்கும் முந்திக்கொள்ள அவசரமில்லை. இந்தப் பொறுமையை எந்தத் தலைவரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. டிரம்மர் டான் மோயே 1970இல் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் சின்ன வாத்தியங்கள் மேடையை விட்டுப் போகவில்லை.

மேடையைப் பாருங்கள். ஃபேவர்ஸ், ஜார்மன், மோயே மூவரும் முகத்தில் வண்ணம் பூசி ஆப்பிரிக்க உடையில் நிற்பார்கள். போவி ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக் கோட்டில் வருவார். மிட்செல் சாதாரண உடையில். வாசிப்பதற்கு முன் ஐவரும் கிழக்கு நோக்கித் திரும்பி மௌனமாக நிற்பார்கள். ஒருவர் உடையை மற்றவர் மீது திணிக்கவில்லை, ஆனால் அந்த மௌனம் எல்லோருக்கும் பொது. வருமானத்தையும் பொதுவில் வைத்து, வண்டி, வாத்தியச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். அதே சமயம் அவரவர் சொந்தக் குழுவும் நடத்தினார்கள். போவியின் 'பிராஸ் ஃபேண்டசி' தனியாகப் பேர் வாங்கியது. போய்த் திரும்பி வர வீடு ஒன்று இருந்ததால்தான் தைரியமாகப் போனார்கள்.

தலைவரால்தான் குழு நிற்கும் என்று காட்ட எதிரணி, ஜாஸ் பியானோ கலைஞர் சன் ராவையும் அவர் நடத்திய 'ஆர்கெஸ்ட்ரா' குழுவையும் கொண்டுவந்தது. சன் ரா மாபெரும் மேதை, அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அவர் 1993இல் மறைந்தார். பொறுப்பேற்ற ஜான் கில்மோரும் 1995இல் போய்விட்டார். மேதையே குழு என்றால் அன்றோடு கதை முடிந்திருக்க வேண்டுமே! 1958 முதல் அதில் வாசித்து வந்த மார்ஷல் ஆலன் எடுத்து நடத்தினார். ஃபிலடெல்ஃபியாவில் 1968 முதல் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கி ஒத்திகை பார்த்தவர்கள். ஆலன் 2024இல் நூறு வயதைத் தொட்டார், குழு இன்னும் வாசிக்கிறது. அவர்கள் காட்டிய உதாரணமே எங்களுக்குச் சாட்சி சொல்கிறது, நடுவர் அவர்களே.

என் சாட்சிக்கும் இழப்பு வந்தது. 1993இல் ஜார்மன் ஆன்மிகத்துக்கும் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கும் போனார். 1999இல் போவி இறந்தார். மிச்சமிருந்த மூவர் போவிக்கு அஞ்சலியாக ஒரு பதிவு செய்தார்கள், அதில் அவர் இடத்துக்கு வேறு ட்ரம்பெட் ஆளை வைக்கவில்லை. 2003இல் ஜார்மன் திரும்பி வந்தார். 2004இல் ஃபேவர்ஸ் மறைந்தார், 2019 ஜனவரியில் ஜார்மன் மறைந்தார். அந்த 2019இலேயே, ஐம்பதாம் ஆண்டுக்காக 'வீ ஆர் ஆன் தி எட்ஜ்' வந்தது. மிட்செலையும் மோயேயையும் சுற்றிப் புல்லாங்குழலோடு நிகோல் மிட்செல், செல்லோவோடு டொமேகா ரீட், கவிதையோடு மூர் மதர் என்று அடுத்த தலைமுறை நின்றது. ராஸ்கோ மிட்செல் விரும்பியிருந்தால் அன்றைக்காவது தன் பெயரை முன்னால் போட்டிருக்கலாம். அட்டையில் இருப்பது ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோதான். நன்றி, வணக்கம்.