வறுமை காப்பாத்தி வெச்ச ஊரு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு கேக்குதுங்களா? சரி, ஆரம்பிச்சிரலாம்.

இங்கிலாந்துல சஃபோக் பக்கம் லாவன்ஹாம்னு ஒரு ஊரு இருக்கு, எழுதுறதுதான் அப்படி, ஊர்க்காரங்க வாயில லாவ்னம்னு வரும். ஜனத்தொகை சுமார் 1,700, ஒரு நல்ல முகூர்த்த நாள்ல நம்ம மண்டபத்துக்கு வர்ற கூட்டம்தான். ஆனா அரசாங்கம் பாதுகாக்கணும்னு பட்டியல்ல வெச்சிருக்கிற பழைய கட்டடம் மட்டும் 300-க்கு மேல. ஹை ஸ்ட்ரீட்ல நடந்தா ஒரு வீடாவது நேரா நிக்குதான்னு தேடணும். ஒண்ணு வலது பக்கம் சாஞ்சிருக்கும், பக்கத்து வீடு அதும் மேல சாஞ்சிருக்கும், ஆரஞ்சு கலர்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு பேரே கோண வீடு.

ஏன் இப்படி கோணிக்கிச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. அஸ்திவாரக் கோளாறுன்னு நானும் முதல்ல நெனச்சேன். பெரிய காரணம் மரம்தாங்க. ஓக் மரம் காஞ்சி போச்சுன்னா உளி எறங்காது, அவ்ளோ கெட்டி. அதனால அந்தக் காலத்து தச்சருங்க வெட்டுன பச்சை மரத்தையே அறுத்து, துளை போட்டு, மர ஆணி அடிச்சு நிறுத்திருவாங்க. அது சுவத்துலயே இருந்து வருஷக்கணக்குல காயும், காயும்போது முறுக்கும், வீடும் கூடவே முறுக்கிக்கும். மரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிய குச்சி பின்னி களிமண்ணு, வைக்கோல், மாட்டுச்சாணி குழைச்சு அடைச்சது, அது வளைஞ்சு குடுக்கும். செங்கல்லா இருந்தா வெடிச்சிருக்கும். அந்த ஓக் மரம் வெயில்லயும் மழையிலயும் வெள்ளி மாதிரி சாம்பல் நெறத்துக்கு வந்துரும், இந்த ஊர்ல நெறைய வீட்டுல அப்படியே விட்டிருக்காங்க. வேற ஊருல எல்லாம் கன்னங்கரேல்னு தார் பூசி வெச்சிருப்பாங்க, அது பெரும்பாலும் விக்டோரியா ராணி காலத்து ஃபேஷன், எனக்கு சுத்தமா பிடிக்காது.

சரி, இவ்ளோ வீடு கட்ட காசு எங்கேர்ந்து வந்துச்சு? துணி. கெட்டியான கம்பளித் துணி, அதுவும் நீலம். வோட்னு ஒரு செடி, அதோட இலைய அரைச்சு உருண்டை புடிச்சு காய வெச்சு அப்புறம் புளிக்க வைப்பாங்க, நாத்தம் கொடலப் பொரட்டும், முதல் எலிசபெத் ராணி என் அரண்மனை பக்கத்துல எவனும் வோட் செடி பயிர் பண்ணக் கூடாதுன்னு உத்தரவே போட்டாங்கன்னா பாத்துக்கங்க. தொட்டியிலேர்ந்து எடுக்கிறப்ப மஞ்சள் பச்சையாத்தான் இருக்கும், காத்து பட்டதும் கண்ணு முன்னாடியே நீலமா மாறும். நம்ம அவுரியும் அதேதாங்க, ரெண்டு செடியிலயும் இருக்கிற சாயம் ஒண்ணு, அவுரியில ரொம்ப அதிகம், அவ்ளோதான் வித்தியாசம். பிற்பாடு இந்தியாவுலேர்ந்து கப்பல் கப்பலா அவுரி வந்து எறங்குனதுல ஐரோப்பா முழுக்க வோட் வெவசாயம் படுத்துருச்சு. லாவன்ஹாம்ல வாட்டர் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு இருக்கு, போனா தண்ணியே தெரியாது, ஓடைய 1500 வாக்குலயே செங்கல் வெச்சு மூடிட்டாங்க, அது வீடுங்களுக்கும் ரோட்டுக்கும் அடியில ஓடுது. சாயம் போடுறதுக்கும் துணி அலசுறதுக்கும் அந்தத் தண்ணிதான்.

அப்ப லாவன்ஹாம் கட்டுன வரி யார்க், லிங்கன் மாதிரி பெரிய நகரத்த விட அதிகம். தாமஸ் ஸ்பிரிங்னு ஒரு ஜவுளி முதலாளி, 1523-ல செத்துப் போறப்ப சர்ச் கோபுரத்துக்குன்னு பெருந்தொகை எழுதி வெச்சிட்டுப் போனார். அந்தக் கோபுரம் 141 அடி, இப்பவும் ஊருக்கு வெளிய இருந்தே தெரியும். உச்சியில அவர் குடும்பச் சின்னம் திரும்பத் திரும்ப செதுக்கியிருக்கு. நம்மூரு கோயில்ல டியூப்லைட்டு மேல உபயம்னு பேரு எழுதுறோம்ல, சமாச்சாரம் ஒண்ணுதான்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். 1525. எட்டாம் ஹென்றி ராஜாவுக்கு பிரான்ஸ் மேல படையெடுக்கணும், கையில காசில்ல. ஜனங்க சொத்துல ஆறுல ஒரு பங்கு குடு, சர்ச்சுக்காரங்க மூணுல ஒரு பங்கு குடுன்னு கேட்டாங்க. முதலாளிங்க, எங்கிட்ட வாங்கிட்டா நான் உனக்கு எங்க கூலி குடுப்பேன்னு நெசவாளிங்களயும் நூல் நூக்கிறவங்களயும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆயிரக்கணக்குல ஆளுங்க லாவன்ஹாம்ல கூடிட்டாங்க. சர்ச் மணி அடிச்சதும் கெளம்புறதுன்னு ஏற்பாடு, ஆனா ராஜா பக்கம் இருந்த யாரோ மணியோட நாக்க கழட்டி ஒளிச்சு வெச்சிட்டாங்கன்னு ஒரு பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்லுது. கயித்த இழுத்தா சத்தமே வரல, எப்படி இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க. ராஜா பக்கத்துப் பிரபு நார்ஃபோக் டியூக் வந்து, உங்க தலைவன் யாருடான்னு கேட்டார். ஜான் கிரீன்னு ஒரு 50 வயசு ஆளு சொன்னார், எங்க தலைவர் பேரு வறுமைங்க, அவரும் அவரு பங்காளி நெருக்கடியும் சேந்துதான் எங்கள இங்க கொண்டாந்து விட்டாங்கன்னு. அந்த வரிய ராஜா கைவிட வேண்டியதாப் போச்சு.

கிரீன் சொன்ன அதே தலைவர்தாங்க அப்புறம் இந்த ஊர காப்பாத்துனது. ஹாலந்துப் பக்கத்துலேர்ந்து தப்பிச்சு வந்த நெசவாளிங்க 1560-களுக்கு மேல கோல்செஸ்டர்ங்கிற பக்கத்து ஊர்ல லேசான, மலிவான துணி நெய்ய ஆரம்பிச்சாங்க, கெட்டி நீலத்த யாரும் சீண்டல. மத்த ஊர்க்காரங்க எல்லாம் 1700-கள்ல பழசு அசிங்கம்னு இடிச்சிட்டு செங்கல்ல புது முகப்பு வெச்சாங்க. லாவன்ஹாம்லயும் ஒண்ணு ரெண்டு பேரு வெச்சாங்க, மத்தவங்ககிட்ட ஏது காசு? இருந்ததுலயே குடியிருந்தாங்க. சந்தைத் திடல்ல இருக்கிற கில்டு ஹால் 1529 வாக்குல பணக்காரங்க சங்கத்துக்கு கட்டுனது, அது ஜெயிலாச்சு, ஏழைங்கள அடைச்சு வேலை வாங்குற விடுதியாச்சு, கம்பளி குடோனாச்சு, 1951-லதான் பழைய கட்டடங்களப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்துச்சு. ஒவ்வொருத்தனும் இத வேற எதுக்காவது வெச்சிக்கலாம்னு விட்டதுல பொழச்ச கட்டடம் அது. இப்ப என்னடான்னா அந்த ஊர்ல ஒரு சின்ன வீட்டு விலைய கேட்டா தலை சுத்துது, கூலிக்கு நெசவு செஞ்சவன் வம்சம் எவனும் வாங்க முடியாது.

ரயிலும் 1961-ல நின்னு போச்சு. நீங்க போறதா இருந்தா சட்பரி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ், டைம் பாத்துக்கங்க. கதவெல்லாம் குட்டை, நான் ஒரு டீக்கடையில நெத்தியில வாங்குன அடி மூணு நாள் வீங்கியிருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எறங்கிடறேன். லாவன்ஹாம்லயே வுல் ஹால்னு ஒரு கட்டடம். அத 1911-ல ஒருத்தர் வாங்கி, பிரிச்சு, வேற ஊருல கொண்டு போய் நிறுத்தப் பாத்தாங்க. மர ஆணி அடிச்ச வீடுங்க, கட்டில் மாதிரி கழட்டிரலாம், எது எங்க சேரும்னு தச்சர் ஒவ்வொரு பொருத்துலயும் கோடு கிழிச்சு நம்பர் போட்டிருப்பார். ஊரே கத்துனதுல கழட்டுனது மறுபடி வந்து சேந்துச்சு, பழைய எடத்துலயே நிறுத்துனாங்க. இன்னைக்கு அது ஸ்வான் ஹோட்டலோட ஒரு பகுதி. அதே ஹோட்டல் பார்ல, இரண்டாம் உலகப் போரப்ப பக்கத்து விமானதளத்துல இருந்த அமெரிக்கப் பசங்க சுவத்துல போட்ட கையெழுத்து இருக்கு, அழிக்காம வெச்சிருக்காங்க. காப்பி குடிக்கலாம், விலைய மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க.