கல்லூரியில் கரைசேர்ப்பது பக்குவமே!

நடுவர் அவர்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, வணக்கம். கல்லூரியில் ஒரு மாணவரைக் கரைசேர்ப்பது உழைப்பா, பக்குவமா என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "உழைப்பு, உழைப்பு" என்று மேசையைத் தட்டிய தட்டில் என் தண்ணீர் டம்ளர் இரண்டு முறை இடம் மாறியது. அவருடைய உழைப்பை நான் குறை சொல்லவில்லை. மேசைக்குத்தான் வலித்திருக்கும்.

"மெய்வருத்தக் கூலி தரும்" என்ற குறளைச் சொல்லிவிட்டு, வழக்கு முடிந்தது என்பதுபோல் உட்கார்ந்துவிட்டார். அதே பொருட்பாலில் கொஞ்சம் முன்னால் புரட்டியிருக்கலாம். "ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்" என்கிறார் வள்ளுவர். வழி தெரியாமல் படுகிற பாடு, பத்துப் பேர் கூட நின்று காத்தாலும் ஓட்டையாகிவிடுமாம். அங்கேயும் வருத்தம், இங்கேயும் வருத்தம். ஒன்றுக்குக் கூலி கிடைக்கிறது, இன்னொன்று பாழாகிறது.

பாழானதற்கு நானே சாட்சி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்ப அம்மா இருந்தார். எந்தக் கேள்வி வரும் என்று குறித்துக்கொடுக்க ஆசிரியர் இருந்தார். மனப்பாடம் செய்வது மட்டும் என் வேலை. பொறியியல் கல்லூரியிலும் அதையே செய்தேன். முதல் செமஸ்டர் கணிதத் தேர்வுக்கு, போட்டுக்காட்டிய கணக்குகளை எல்லாம் இரவிரவாக எழுதி எழுதி உருப்போட்டேன். வினாத்தாளில் எண்ணை மாற்றிவிட்டார்கள், நடுவர் அவர்களே! 31 மதிப்பெண். அரியர். விடுதி அறையில் என்னைவிட அதிக நேரம் படித்தவர் யாரும் இல்லை. என்னைவிடக் குறைவாக எடுத்தவரும் யாரும் இல்லை.

அதன் பிறகுதான் ஒரு நாள் பேராசிரியரின் அறை வாசலில் நின்று, "ஐயா, வகையீடு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நான்கு மாதமாயிற்று. சொன்ன பிறகு படித்த நேரம் பாதியாகக் குறைந்தது, தேர்ச்சி வந்தது. பள்ளியில் உழைப்பு என்னுடையதாக இருந்தது, பக்குவத்தை அம்மாவும் ஆசிரியரும் இரவல் கொடுத்திருந்தார்கள். விடுதியில் அந்த இரவல் கிடையாது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது யாரும் காதைப் பிடித்துத் திருகுவதில்லை. கடைசியில் ஹால் டிக்கெட் வராதபோதுதான் தெரியும்.

என் கதை சின்னக் கதை. இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். 1904ஆம் ஆண்டு, இதே காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். அவரைவிட உழைத்தவர் உண்டா? கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தார். மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் 1906இல் ஒரு முறை, 1907இல் இன்னொரு முறை தோல்வி.

மேதையைக் குறை சொல்கிறாயா என்று பெரியவர்கள் முறைக்க வேண்டாம். அவர் கணிதத்தில் எந்தக் குறையும் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு, கல்லூரி கேட்பது என்ன, நான் கொடுப்பது என்ன என்று நிதானிக்கும் பக்குவம் வரவில்லை, அவ்வளவுதான். அது வந்தபோது என்ன செய்தார்? நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கணிதம் அறிந்த ராமசாமி ஐயரிடமும் ராமச்சந்திர ராவிடமும் போய்க் காட்டினார். 1913இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கணிதத்தில் அவர் போட்ட உழைப்பு முன்பும் அதுதான், பின்பும் அதுதான். யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்ற தெளிவுதான் புதிது.

உழைக்காமல் பக்குவத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று எதிரணி கேட்கும். பக்குவப்பட்டவன் உழைக்க வேண்டிய இடத்தில் உழைப்பான், அவனுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

மணி அடிக்கக் கை போகிறது, பார்த்துவிட்டேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். பச்சையப்பன் கல்லூரித் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்த ராமானுஜனுக்கு உழைப்பு போதவில்லை என்று இந்தக் கும்பகோணத்து மேடையில் நின்று சொல்ல உங்களுக்குத் துணிச்சல் உண்டா, தங்கச்சி?