தலைமாட்டுச் செங்கல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் கணவருக்கு மூன்று ஆண்டுகளாகத் துணையிருந்து நான் கற்றதைச் சொல்ல, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்கி வந்திருக்கிறேன்.

நோயுற்ற பகுதியை அகற்றிய பின், இரைப்பையைக் குழாய்போல் ஒடுக்கி மார்புக்குள் ஏற்றி, மிஞ்சிய உணவுக்குழாயோடு இணைத்துத் தைத்தார்கள். உண்டது மேலேறாமல் காத்துவந்த தடுப்பு அதோடு போய்விடுகிறது. ஆகவே மட்டமாகப் படுத்தால் இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு வரும். அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா ஆகிவிடும். அவருக்கு ஒருமுறை அப்படி ஆனது. நான் தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். நள்ளிரவுக்குள் சறுக்கி வந்து வயிறு மடங்கிக் கிடப்பார். மலைச்சரிவில் வீடு கட்டிப் பழகிய பக்கத்துவீட்டுக் கொத்தனார்தான், "தலையணையை விடுங்கள் அக்கா, கட்டிலையே சாய்த்துவிடலாம்" என்று சொல்லி, தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தார். அரை அடி உயரம். மருத்துவரும் அதையே சரி என்றார். யார் வீட்டுக்குப் போனாலும் நான் இந்தச் செங்கல் கதையைச் சொல்லாமல் வருவதில்லை; உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

தையல் இட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டதால், சிறுகுடலில் பொருத்திய குழாய் வழியாகவே சில வாரங்கள் அவருக்கு உணவு சென்றது. ஓர் இரவு மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் கரைத்து ஊற்றி, நானே அந்தக் குழாயை அடைத்துவிட்டேன். பதற்றத்தில் சிரிஞ்சைப் பலமாக அழுத்தவும் செய்தேன். அது பெரும் பிழை. விடியுமுன் மலையிறங்கி மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த செவிலியர், வெதுவெதுப்பான நீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, மெல்லச் செலுத்தியும் இழுத்தும் அடைப்பை நீக்கிவிட்டு, "உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விடுங்கள் அம்மா, மருந்துக்கும் அப்படியே" என்றார். அன்றுமுதல் அடைப்பு வரவில்லை.

வாயால் உண்ணத் தொடங்கியபின், தையலிட்ட இடம் தழும்பேறிச் சுருங்கியது. இட்லித் துண்டு நெஞ்சில் நின்றது. எண்டோஸ்கோபி வழியாக மூன்று முறை விரித்துவிட்டார்கள். இனிப்பான பாயசம் குடித்த சற்று நேரத்தில் வியர்த்துப் படபடப்பு வரும். சிறுசிறு வேளைகளாக உண்பதும், உணவோடு தண்ணீர் குடிக்காதிருப்பதும் அதற்குக் கைகொடுத்தன.

பணிவிடை செய்பவரின் உறக்கத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி வந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் என் நாத்தனார் வந்து அவரருகில் படுத்துக்கொள்கிறார், நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். வணக்கம்.