ஜெபிச்சும் கவலை போகலையா? ராத்திரிக்கு ஒரு கொப்பியும் பேனையும் எடுங்க

ஸ்தோத்திரம் உறவுகளே! அரை மணித்தியாலம் முழங்கால்ல நின்னுட்டு எழும்பும்போது பாரம் இன்னும் கூடித்தான் இருக்குன்னா, இது உங்களுக்கான வீடியோ.

பல நேரம் நாம ஜெபிக்கிறதே இல்ல. கண்ண மூடிக்கிட்டு கவலையத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம். லோன் தவணை, புள்ளையோட ஓ.எல். சோதனை, கொழும்புக்கு வேலைக்குப் போன மகன், எல்லாம் கலந்து வரும். கடைசியில "ஆண்டவரே, எல்லாத்தையும் பார்த்துக்கொள்ளும்"னு முடிச்சிடுவோம். எதை ஒப்புக்கொடுத்தோம்னு நமக்கே தெரியாது.

பிலிப்பியர் 4:6, 7 எடுத்து வாசிங்க. பவுல் காவல்ல இருந்துக்கிட்டு எழுதினது. விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்றார். அப்படின்னா ஒவ்வொண்ணாச் சொல்லணும். கொப்பியில "பணக் கஷ்டம்"னு எழுதாதீங்க. "வெள்ளிக்கிழமை தவணை 3,500, கையில 2,000"னு எழுதுங்க. ஒரு வரிக்கு ஒரு கவலை, ஒரு ராத்திரிக்கு மூணு போதும். பக்கத்துல, நாளைக்கு உங்க கையால செய்யக்கூடியது ஒண்ணு: தவணை வாங்க வாறவர்கிட்ட முன்கூட்டியே பேசுறது. அது உங்க வேலை. மிச்சம் 1,500 எங்கேருந்து வரும்ங்கிறத சத்தமா ஆண்டவர்கிட்ட சொல்லி, அந்த வரியக் கோடு போட்டு மூடுங்க. கடன் உடனே தீரும்னு அந்த வசனம் சொல்லல. இருதயத்தையும் சிந்தையையும் தேவசமாதானம் காக்கும்னுதான் சொல்லுது.

தோட்டத்து லயத்துல ஒத்தைக் காம்பராவுல தனியா ஜெபிக்க இடமேதுன்னு கேப்பீங்க. 1 சாமுவேல் 1:13ல அன்னாளுக்கு உதடு மட்டும்தான் அசைஞ்சுது, சத்தம் கேக்கல. இஸ்தோப்புல, அதான் வாசத் திண்ணையில, உக்காந்து அப்படியே செய்யலாம்.

அநேகர் தவறவிடுறது ஸ்தோத்திரம். இன்னைக்கு நடந்த ஒரு நன்மையப் பேர் சொல்லி நன்றி சொல்லுங்க. வாய் வரலையா? சங்கீதம் 13 வாசிங்க. தாவீது "எதுவரைக்கும்"னு கேட்டு அழுதுட்டுத்தான் பாட்டுக்கு வாறார்.

நடுச்சாமத்துல முழிப்பு வந்தா கொப்பியத் திறக்காதீங்க, மறுபடி கணக்குப் பார்க்கத் தோணும். சங்கீதம் 56:3 மட்டும். மூச்ச இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". மெதுவா, பத்துத் தடவை.

மழைக்காலத்துக்கு ஒண்ணு கட்டாயம் சொல்லணும். 2014 ஒக்டோபர் 29ல மீரியபெத்தைத் தோட்டத்துல மண்சரிவு லயங்களையே மூடினது நம்ம எல்லாருக்கும் தெரியும். மண்சரிவுக்கு சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, சுவர் வெடிச்சாலோ, மலையிலிருந்து திடீர்னு சேத்துத் தண்ணி வந்தாலோ, காம்பராவுக்குள்ள ஜெபிச்சுக்கிட்டு இருக்காதீங்க. புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பாதுகாப்பான இடத்துக்குப் போங்க, அங்க போய் ஜெபிங்க.

ரெண்டு கிழமையாத் தூக்கமும் சாப்பாடும் இல்லன்னா, இல்ல சாகணும்னு எண்ணம் வந்தா, அது விசுவாசக் குறைவு இல்ல. 1 இராஜாக்கள் 19ல எலியா சாகணும்னு கேட்டப்போ, தேவதூதன் முதல்ல அடையும் தண்ணியும்தான் கொடுத்தான், தூங்கவும் விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போங்க, மனநல உதவி நம்பர் 1926க்கு கோல் எடுங்க. உங்க ஃபாதர்கிட்டயோ பாஸ்டர்கிட்டயோ சொல்லி, கூட ஒரு ஆள வச்சுக்கிட்டுப் போங்க.